ஒரே நூல் போதுமா? பாய்மரக் கப்பலின் கயிறுகள் பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இது: பதினெட்டாம் நூற்றாண்டுப் பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றின் மாதிரியை 1:72 அளவில் செய்துவரும் ஒருவர், கயிறுகள் அனைத்துக்கும் ஒரே பழுப்பு நூலைப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறார். உண்மையான கப்பலில் அத்தனை வகைக் கயிறுகள் எதற்கு, மாலுமிகள் அவற்றை எப்படி அடையாளம் கண்டார்கள் என்பதும் அவர் கேள்வியில் அடக்கம்.

ஒரே நூல் போதாது. குறைந்தது இரண்டு நிறம், ஆறேழு பருமன், முடிந்தால் இரண்டு வகை முறுக்கு வேண்டும். ஏன் என்பதைச் சொல்லிவிட்டால், எந்த இடத்தில் எந்த நூல் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

கயிறு என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, எவ்வளவு எடை தாங்கும் என்பதைத்தான். கப்பலில் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எவ்வளவு நீளும்? பாய்மரத்தைத் தாங்கி நிற்கும் கயிறு நீளவே கூடாது. நங்கூரக் கயிறு நீண்டே ஆக வேண்டும். பாயை இழுக்கும் கயிறு ஓரளவு நீண்டாலும் பரவாயில்லை. ஆனால் அது வளைந்து, நெளிந்து, கப்பிக்குள் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஒரே நாரிலிருந்து இந்த மூன்று குணங்களையும் வரவழைத்ததுதான் கயிறு திரிப்பவர்களின் திறமை. கப்பல் கயிறுகளைப் பற்றிய மற்ற விவரங்கள் எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன.

முதலில் பெரிய பிரிவினை. ஒரு பாய்மரக் கப்பலின் கயிறுகள் நிலைக்கயிறுகள், ஓடுகயிறுகள் என இரண்டு கூட்டமாகப் பிரியும். கட்டிய இடத்திலேயே நின்று பாய்மரத்தைத் தாங்குபவை நிலைக்கயிறுகள். தினமும் இழுத்தும் தளர்த்தியும் கையாளப்படுபவை ஓடுகயிறுகள். நிலைக்கயிறுகளுக்குத் தார் பூசுவார்கள். அவை கரும்பழுப்பாகவோ ஏறக்குறைய கறுப்பாகவோ இருக்கும். ஓடுகயிறுகளில் தார் குறைவு. நாரின் வெளிர்பழுப்பு நிறம் தெரியும். மாதிரிக் கப்பலில் இந்த நிற வேறுபாடு ஒன்றைச் சரியாகக் காட்டினாலே பாதி உண்மைத்தன்மை வந்துவிடும்.

பாய்மரம் ஒற்றை மரமாகத் தெரிந்தாலும் பெரிய கப்பல்களில் அது மூன்று துண்டுகள். அடிமரம், அதன்மேல் நடுமரம், அதற்கும் மேல் நுனிமரம். காற்று பாயில் மோதும்போது இந்த முழு உயரமும் நெம்புகோலாக மாறிக் கப்பலின் உடலைப் பிளக்கப் பார்க்கும். அதைத் தடுக்க, பாய்மரத்தின் உச்சியிலிருந்து அணியத்தை, அதாவது கப்பலின் முன்பகுதியை, நோக்கி ஒரு பருத்த கயிறு சரிந்து இறங்கும். அது ஸ்டே. இரு பக்கங்களிலும் விசிறிபோல விரிந்து கப்பலின் விளிம்புக்கு இறங்குபவை ஷ்ரௌட்கள். மேல்மரங்களிலிருந்து பின்னோக்கி இறங்குபவை பின்ஸ்டேக்கள். மரம் முன்னால் சாயாமல், பின்னால் சாயாமல், பக்கவாட்டில் சாயாமல் நிற்பது இந்த மூன்று இழுப்புகளும் சமமாக இருக்கும்வரைதான்.

ஷ்ரௌட்களை ஜோடி ஜோடியாகத்தான் பொருத்துவார்கள். ஒரு நீண்ட கயிற்றை நடுவில் மடித்து, மடிப்பைப் பாய்மர உச்சியில் மாட்டி, கழுத்தில் இறுக்கிக் கட்டினால் இரண்டு முனைகளும் ஒரே பக்கம் இறங்கும். முதலில் வலப்பக்க முன்ஜோடி, பிறகு இடப்பக்க முன்ஜோடி, அதன் பிறகு மீண்டும் வலப்பக்கம் என்று மாறி மாறி ஏறும். எல்லா ஷ்ரௌட்களும் மாட்டிய பிறகே ஸ்டே வரும். மாதிரி செய்பவர்கள் பலர் அழகுக்காக ஸ்டேயை முதலில் கட்டிவிட்டு, பிறகு ஷ்ரௌட்களை அதற்கு மேல் திணிக்கிறார்கள். படம் எடுத்துப் பார்த்தால் அந்தத் தவறு உடனே தெரியும்.

இந்த நிலைக்கயிறுகளைக் கீழே இறுக்கும் ஏற்பாட்டைக் கிட்டத்தில் பார்ப்பது நல்லது. மாதிரியில் அதிகம் உழைப்பு கேட்கும் இடமும் அதுதான். ஷ்ரௌடின் கீழ்முனையில் வட்டமான, தடித்த மரவில்லை ஒன்று கட்டப்பட்டிருக்கும். அதில் முக்கோணமாக மூன்று துளைகள். டெட் ஐ என்று பெயர். கப்பலின் விளிம்பில் இரும்புப் பட்டையால் பிணைக்கப்பட்ட இன்னொரு வில்லை இருக்கும். இரண்டுக்கும் நடுவே, ஷ்ரௌடின் பருமனில் ஏறக்குறைய பாதியுள்ள ஒரு கயிறு, கொழுப்பு தடவப்பட்டு, மேல் துளை, கீழ்த் துளை என்று ஆறு துளைகளிலும் மாறி மாறிச் செல்லும். அதன் ஒரு முனையில் பெரிய முடிச்சு; அது துளையில் சிக்கி நிற்கும். மறுமுனையைக் கப்பி வைத்து இழுத்தால் இரண்டு வில்லைகளும் நெருங்கும், ஷ்ரௌட் விறைக்கும். பிறகு அந்த முனையை ஷ்ரௌடிலேயே சுற்றிச் சிறுகயிறுகளால் கட்டிவிடுவார்கள். மரவில்லையில் உருளை எதுவும் இல்லை. கயிறு மரத்தின் மீது உரசித்தான் நகர வேண்டும். அந்த உராய்வு ஒரு குறை அல்ல: இறுக்கிய பிறகு கயிறு பின்வாங்காமல் பிடித்துக்கொள்வது அதனால்தான்.

இவ்வளவு இறுக்கியும் ஹெம்ப் கயிறு அப்படியே நிற்பதில்லை. புதுக் கயிறு முதல் சில வாரங்களில் நீண்டுகொண்டே போகும். புதுக் கப்பல் முதல் பயணம் கிளம்பிய பிறகு ஷ்ரௌட்களை மீண்டும் மீண்டும் இறுக்க வேண்டியிருந்தது. மழை பெய்தால் இதற்கு நேர்மாறு: நனைந்த நார் பருத்து, கயிறு நீளத்தில் சுருங்கும். அதிகமாக இறுக்கிய கயிறு மழையில் மேலும் விறைத்துத் தன் பிணைப்புகளையே சோதிக்கும். வெயில் அடித்தால் மறுபடியும் தொய்வு. ஒரு கப்பலில் கயிறுகளைக் கவனிக்கவே போட்சன் என்ற தனி அதிகாரி இருந்ததற்குக் காரணம் இதுதான்.

ஹெம்ப் என்பது கஞ்சாச் செடியின் தண்டிலிருந்து எடுக்கப்படும் நீண்ட நார். ஐரோப்பியப் பாய்மரக் கப்பல்களின் காலம் முழுவதும் அதுவே அரசன். பிரிட்டிஷ் கடற்படை அதன் பெரும்பகுதியை ரஷ்யாவிலிருந்து வாங்கியது. ரீகா துறைமுகத்திலிருந்து வந்த நாருக்குத் தனி மதிப்பு இருந்தது. உலகக் கடல்களை ஆண்ட ஒரு கடற்படை, கயிற்றுக்காகப் பால்டிக் கடலின் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 1801இல் கோபன்ஹேகனில் நடந்த கடற்போருக்குப் பின்னால் இருந்த கவலைகளில் இந்தப் பால்டிக் வழியும் ஒன்று. மரம், தார், ஹெம்ப் மூன்றும் அந்த வழியாகவே வந்தன.

அதற்கு முன்பும் வேறு இடங்களிலும் கையில் கிடைத்ததைத்தான் திரித்தார்கள். செங்கடல் கரையில் எகிப்தின் வாதி கவாசிஸில் உள்ள குகை ஒன்றில், சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முன் கப்பல்காரர்கள் சுருட்டி வைத்துவிட்டுப் போன கயிறுகள் சுருள் கலையாமல் கிடைத்தன. வடகடல் மக்கள் வால்ரஸ் தோலை நீளவாட்டில் வெட்டிக் கயிறாக்கினார்கள். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஓதரே என்ற நார்வே வணிகர் ஆங்கில அரசர் ஆல்பிரெட்டிடம் தம் நாட்டைப் பற்றிச் சொன்னபோது, வடக்கே வாழ்ந்தவர்கள் தமக்குச் செலுத்திய திறையில் அத்தகைய தோல் கயிறுகளும் இருந்ததைக் குறிப்பிட்டார். இந்தியப் பெருங்கடலில் தென்னை நார்க்கயிறு. அது ஹெம்பை விட வலுவில் குறைவு. ஆனால் நன்றாக நீளும், தண்ணீரில் மிதக்கும், உப்புநீரில் எளிதில் மட்காது. அதனால் கப்பலைக் கட்டி இழுப்பதற்கு ஐரோப்பியர்களும் அதை விரும்பினார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மணிலா கயிறு வந்தது. பிலிப்பைன்ஸில் விளையும் அபாக்கா என்ற வாழை இனத்தின் நார் அது. தார் பூசாமலே கடல்நீரைத் தாங்கும் என்பது அதன் பெரும் வசதி. தார் இல்லையென்றால் கயிறு இலேசாகவும் நெகிழ்வாகவும் கைக்குச் சுத்தமாகவும் இருக்கும். ஓடுகயிறுகளில் அது வேகமாக ஹெம்பின் இடத்தைப் பிடித்தது. உங்கள் மாதிரி பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றால் மணிலாவின் பொன்னிறம் அதில் வரக்கூடாது. 1850க்குப் பிந்தைய சரக்குக் கப்பல் என்றால் ஓடுகயிறுகள் அந்த நிறத்தில் இருப்பதே பொருத்தம்.

இப்போது முறுக்கு. இந்த இடத்தில் சற்று நிதானமாகப் படியுங்கள். கயிற்றின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நாரைச் சீவி, ஒரு திசையில் முறுக்கினால் இழை. பல இழைகளைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கினால் புரி. மூன்று புரிகளைச் சேர்த்து மீண்டும் எதிர்த்திசையில் முறுக்கினால் கயிறு. ஒவ்வொரு படியிலும் திசை மாறுவது ஏன் என்றால், முறுக்கிய எதுவும் பிரிந்து பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். புரி பிரிய முயலும்போது அது கயிற்றை மேலும் முறுக்குகிறது. கயிறு பிரிய முயலும்போது புரியை மேலும் முறுக்குகிறது. ஒன்றின் விடுதலை மற்றொன்றின் இறுக்கம். ஆணி இல்லை, பசை இல்லை. இந்த எதிரெதிர் இழுபறி மட்டுமே கயிற்றைக் கயிறாக வைத்திருக்கிறது.

இதற்காகவே நீண்ட கயிற்றுக் கூடங்களைக் கட்டினார்கள். இங்கிலாந்தின் சாத்தம் கப்பல் தளத்தில் உள்ள கயிற்றுக் கூடம் சுமார் 346 மீட்டர் நீளம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டப்பட்ட அந்தக் கூடத்தில் இன்றும் கயிறு திரிக்கிறார்கள். பழைய நாட்களில் நூற்பவர் சீவிய ஹெம்ப் நாரை இடுப்பில் சுற்றிக்கொண்டு, சுழலும் கொக்கியில் ஒரு நுனியை மாட்டி, நாரை விரலால் விட்டுக்கொண்டே பின்னோக்கி நடப்பார். கயிறாக்கும் கட்டத்தில், மூன்று பள்ளங்கள் வெட்டிய கூம்பு வடிவ மரக்கட்டை மூன்று புரிகளையும் பிரித்துப் பிடித்துக்கொள்ளும். முறுக்கு ஏற ஏறக் கட்டை தானாக முன்னேறும். அதன் பின்னால் கயிறு பிறந்துகொண்டே வரும். முறுக்கில் நீளம் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். முந்நூறு மீட்டர் இழையிலிருந்து இருநூறு மீட்டர் கயிறு. கூடம் அவ்வளவு நீளமாக இருக்க வேண்டிய அவசியம் அதனால்தான்: முடிச்சோ ஒட்டோ இல்லாத ஒரே நீளக் கயிறு வேண்டுமென்றால், அதை ஒரே நீட்டில்தான் திரிக்க முடியும்.

ஒரு நாட்டின் கடற்படையை முடக்க எதைக் கொளுத்த வேண்டும் என்பதை ஒருவன் சரியாகவே கணித்திருந்தான். அமெரிக்க விடுதலைப் போரின் ஆதரவாளனான ஜேம்ஸ் எய்ட்கன், 1776 டிசம்பரில் போர்ட்ஸ்மத் கப்பல் தளத்தின் கயிற்றுக் கூடத்துக்குத் தீ வைத்தான். தாரும் ஹெம்பும் நிறைந்த கட்டிடம் அது. அவனைப் பிடித்து, 1777 மார்ச்சில் ஒரு போர்க்கப்பலின் பாய்மரத்தைக் கழற்றிவந்து கப்பல் தள வாசலில் நட்டு, அதில் தூக்கிலிட்டார்கள்.

அரசாங்கக் கயிறு திருடுபோவதும் பெரிய தொல்லையாக இருந்தது. அதற்காகக் கடற்படைக் கயிறுகளில் அடையாள இழை ஒன்றைச் சேர்த்துத் திரித்தார்கள். அதன் நிறத்தை வைத்து, எந்தத் தளத்தில் திரித்தது என்பதைக் கூடக் கண்டுகொள்ளலாம். வெட்டினாலும் இழையைப் பிரித்தெடுக்காமல் மறைக்க முடியாது.

மூன்று புரிகள் வலப்பக்கம் சாய்ந்து முறுக்கப்பட்ட சாதாரணக் கயிறுதான் கப்பலில் மிகுதி. நான்கு புரிகளை நடுவில் ஒரு மெல்லிய உள்கயிற்றைச் சுற்றித் திரித்தால் இன்னும் உருண்டையான கயிறு கிடைக்கும். ஷ்ரௌட்களுக்கு அது பயன்பட்டது. மூன்று முழுக் கயிறுகளை எடுத்து மீண்டும் எதிர்த்திசையில், அதாவது இடப்பக்கமாக, முறுக்கினால் ஒன்பது புரி வடம். அது சுருள்வில்போல நீண்டு மீளும் தன்மை உள்ளது. நங்கூரத்துக்கு அதுவே ஏற்றது. அலை கப்பலைத் தூக்கும்போது வடம் நீண்டு கொடுக்கவில்லை என்றால் நங்கூரம் பெயரும், இல்லையேல் வடம் அறுந்துபோகும். பெரிய ஸ்டேக்களையும் இந்த முறையில் திரித்தார்கள். இங்கே உங்களுக்கு ஒரு செய்தி: தையல் நூல்கள் பெரும்பாலும் வலப்பக்க முறுக்கு கொண்டவை. சாதாரணக் கயிறுகளுக்கு அது சரியாகப் பொருந்தும். ஸ்டேக்கும் நங்கூர வடத்துக்கும் அதே நூலைப் போட்டால் முறுக்கு தலைகீழாகத் தெரியும். அவற்றுக்கு மட்டும் மூன்று நூல்களைச் சேர்த்து நீங்களே இடமாகத் திரித்துக்கொள்ளுங்கள். சிறிய கை இயந்திரத்தில் ஒரு மாலை வேலைதான்.

ஸ்பெயின் கரைக்கு அருகே டிரஃபால்கரில் 1805இல் போரிட்ட கப்பலாக எல்லோரும் அறிந்த விக்டரியில், கயிறுகளின் மொத்த நீளம் சுமார் 42 கிலோமீட்டர், கப்பிகள் 768 என்று கணக்குச் சொல்கிறார்கள். அதன் நங்கூர வடத்தின் சுற்றளவு 24 அங்குலம்.

சுற்றளவு என்ற சொல்லைக் கவனியுங்கள். பழைய கப்பல் பட்டியல்களில் கயிற்றின் அளவு சுற்றளவில்தான் இருக்கும், விட்டத்தில் இருக்காது. இதைத் தெரியாமல் பட்டியலைப் படித்தால் எல்லாக் கயிறும் மூன்று மடங்கு பருத்துவிடும். கண்காட்சிகளில் பல மாதிரிக் கப்பல்கள் வலையில் சிக்கியதுபோலக் கனத்துத் தெரிவதற்கு இதுவே காரணம். கணக்கு எளிது. பட்டியலில் 18 அங்குலம் என்றிருந்தால் 3.14ஆல் வகுக்க வேண்டும், விட்டம் 5.7 அங்குலம், அதாவது சுமார் 146 மில்லிமீட்டர். 72ஆல் வகுத்தால் 2 மில்லிமீட்டர். 3 அங்குலக் கயிறு உங்கள் மாதிரியில் 0.34 மில்லிமீட்டர். ஒன்றரை அங்குலப் படிக்கயிறு 0.17 மில்லிமீட்டர், அதாவது மெல்லிய பட்டு நூல்.

படிக்கயிறுகள் என்பவை ஷ்ரௌட்களுக்குக் குறுக்கே ஏணிப்படிபோலக் கட்டப்படுபவை. மாலுமிகள் இவற்றில் கால் வைத்துத்தான் மேலே ஏறினார்கள். ஏறும்போது கை படிக்கயிற்றைப் பிடிக்கக் கூடாது, செங்குத்தாக இறங்கும் ஷ்ரௌடைத்தான் பிடிக்க வேண்டும் என்பது முதல் நாளே சொல்லிக்கொடுக்கப்படும் பாடம். படிக்கயிறு மெல்லியது, உரசி நைந்து எந்த நேரமும் அறுந்துபோகலாம். கால் இடறினாலும் கை நம்பகமான கயிற்றில் இருந்தால் உயிர் தப்பும். இன்றும் பாய்மரப் பயிற்சிக் கப்பல்களில் இதையே சொல்கிறார்கள்.

நிலைக்கயிற்றுக்கு மேல் செய்யப்படும் பாதுகாப்பு வேலை தனிக் கலை. முதலில் புரிகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் மெல்லிய கயிறு ஓட்டி நிரப்புவார்கள். பிறகு தார் தோய்த்த கித்தான் பட்டைகளைச் சுற்றுவார்கள். அதன்மேல் மெல்லிய தார்க் கயிற்றை, ஒரு மரச் சுத்தியலைத் திருப்பித் திருப்பி, இடைவெளியே இல்லாமல் இறுக்கிச் சுற்றுவார்கள். முதல் இரண்டும் கயிற்றின் முறுக்குத் திசையிலேயே போகும். கடைசிச் சுற்று எதிர்த்திசையில். தண்ணீர் உள்ளே போகாது, உராய்வு நாரைத் தொடாது. ஷ்ரௌட் பாய்மரத்தை அணைக்கும் மடிப்பிலும், பாய் உரசும் முன்ஷ்ரௌடிலும் இது கட்டாயம். தார் என்பது இங்கே நிலக்கரித் தார் அல்ல. பைன் மரத்தை மூடிய சூளையில் எரித்து வடிப்பது. ஸ்டாக்ஹோம் தார் என்று பெயர் பெற்றது அதுதான். தார் கயிற்றின் வலுவைச் சற்றே குறைக்கும் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்திருந்தது. ஆனாலும் பூசினார்கள். தார் இல்லாத வலுவான கயிறு ஓரிரு ஆண்டில் உள்ளுக்குள் மட்கிவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. கயிற்றைச் சற்றே திருகிப் பிரித்து உட்புறத்தின் நிறத்தைப் பார்ப்பதும் மோந்து பார்ப்பதும்தான் சோதனை.

ஓடுகயிறுகளின் எண்ணிக்கைதான் புதியவர்களை மிரட்டும். பயப்பட வேண்டாம், ஒரு பாயைப் புரிந்துகொண்டால் எல்லாப் பாய்களும் புரியும். சதுரப் பாயின் மேல்விளிம்பு பருமல் என்ற குறுக்குமரத்தில் கட்டப்பட்டிருக்கும். பருமலையோ பாயையோ மேலே ஏற்றுவது ஆஞ்சான். பாயின் கீழ்மூலைகளை இழுத்து விரிப்பது தாமான். பருமலின் இரு நுனிகளிலிருந்தும் பின்னோக்கி அல்லது முன்னோக்கிச் செல்லும் கயிறுகள் அதைக் காற்றுக்கு ஏற்பத் திருப்பும். நுனிகளிலிருந்து பாய்மர உச்சிக்குச் செல்பவை பருமலைக் கிடைமட்டமாக வைத்திருக்கும். பாயைச் சுருக்க வேண்டுமென்றால், கீழ்மூலைகளைப் பருமலுக்கு உயர்த்தும் கயிறுகளும், கீழ்விளிம்பின் நடுவை உயர்த்தும் கயிறுகளும் உண்டு. அவ்வளவுதான். மூன்று பாய்மரம், ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு பாய்கள், எல்லாம் இடம் வலம் என இரட்டை. பெருக்கிப் பார்த்தால் நூற்றுக்கு மேல் வந்துவிடும்.

இத்தனையையும் இருட்டில், மழையில், தளம் சாய்ந்திருக்கும்போது எப்படி அடையாளம் கண்டார்கள்? இடத்தை வைத்துத்தான். கப்பலின் விளிம்பை ஒட்டியும் பாய்மரத்தின் அடியிலும் நீண்ட பலகைகளில் மரமுளைகள் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு முளை. பக்கவாட்டு வரிசையில் கீழ்ப்பாயின் கயிறுகள் முன்னாலும், மேலே செல்லச் செல்ல அந்தப் பாய்களின் கயிறுகள் பின்னாலும் வரும். உயர்ந்த மரங்களின் தாங்குகயிறுகள் பின்னோக்கி இறங்குவதால், ஓடுகயிறுகளும் அதே வழியில் ஒன்றோடொன்று உரசாமல் இறங்க இந்த வரிசையே உகந்தது. ஏறக்குறைய எல்லாக் கப்பல்களிலும் ஒரே ஒழுங்கு. அதனால் ஒரு கப்பலில் பழகிய மாலுமி இன்னொன்றில் ஏறிய முதல் இரவே சரியான கயிற்றைத் தொட்டுவிடுவான்.

முளையில் கட்டும் விதம் மிக எளிமையானது. கயிற்றை முளையின் அடிப்பகுதியில் சுற்றி, மேலும் கீழுமாக எட்டு வடிவில் மூன்று நான்கு சுற்றுகள். பழைய கப்பல்களில் கடைசியில் பூட்டு முடிச்சுப் போடுவதைத் தவிர்த்தார்கள். நனைந்தால் நார் பருத்து முடிச்சு இறுகிவிடும், அவசரத்தில் அவிழாது. எட்டுச் சுற்றுகளின் உராய்வே போதும். சூறைக்காற்று திடீரென்று தாக்கினால், முளையை மேலே உருவி எடுத்தால் எல்லாச் சுற்றுகளும் ஒரே கணத்தில் உதிரும், பாய் விடுபடும். மிச்சக் கயிற்றைக் கடிகாரம் சுற்றும் திசையில் வளையமாகச் சுருட்டி அதே முளையில் மாட்டுவார்கள். வலமுறுக்குக் கயிற்றை எதிர்த்திசையில் சுருட்டினால் அது திமிறிக்கொண்டு கண்ணி விழும். கண்ணி விழுந்த கயிறு கப்பியில் சிக்கி நிற்கும்.

கப்பிகளைப் பற்றி இரண்டே வார்த்தை. பழைய மரக்கப்பியில் ஒவ்வொரு உருளையும் இழுப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை உராய்வாகத் தின்றுவிடும். அதனால் உருளைகளைக் கூட்டிக்கொண்டே போவதில் ஓர் எல்லைக்குமேல் பயனில்லை. கயிறு அந்த உருளைகளில் தினமும் வளைந்து நிமிர்வதால்தான் ஓடுகயிறு தளர்ந்த முறுக்கோடு, தார் குறைவாக, நெகிழ்வாக இருக்க வேண்டும்.

பெரிய கயிறுகளைப் பற்றியே பேசுகிறோம். கப்பலைக் கட்டிப்பிடித்திருப்பது சிறுகயிறுகள்தான். இரண்டு இழைகளை இடமாகத் திரித்த தார்க்கயிறுதான் மாலுமியின் சட்டைப்பையில் எப்போதும் இருப்பது. கண்ணிகளை இறுக்குவதும், கயிற்று நுனி பிரியாமல் சுற்றுவதும், படிக்கயிற்று முனைகளைக் கட்டுவதும் அதனால்தான். சுருக்கிய பாயைப் பருமலோடு கட்ட, தட்டையாகப் பின்னிய நாடாக்கள். காற்று பலத்தால் பாயின் பரப்பைக் குறைக்க, அதிலேயே வரிசையாகத் தொங்கும் குட்டிக் கயிறுகள். பழைய கயிறும் வீணாவதில்லை. அதை நாராகப் பிரித்து, பலகை இடுக்குகளில் அடித்துக் கலப்பற்று இடுவார்கள், அதாவது நீர் புகாமல் அடைப்பார்கள்.

இரண்டு கயிறுகளை நிரந்தரமாகச் சேர்க்க முடிச்சுப் போடுவதில்லை. முடிச்சு கயிற்றின் வலுவைப் பாதி வரை குறைத்துவிடும். கப்பியில் நுழையவும் நுழையாது. அதற்குப் பதிலாகப் புரிகளைப் பிரித்து, ஒன்றன் மேலும் அடுத்ததன் கீழுமாக முறுக்குக்கு எதிராகச் செருகிப் பின்னுவார்கள். நார்க்கயிறுக்கு மூன்று சுற்றுச் செருகல் போதும். வழுவழுப்பான செயற்கை இழைக்கு ஐந்து தேவை.

1834இல் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் கம்பி வடத்தை வெற்றிகரமாகப் பயன்படுத்திய பிறகு, நிலைக்கயிறுகளின் கதை வேகமாக மாறியது. கம்பி நீள்வது மிகக் குறைவு. அதே வலுவுக்கு மிக மெல்லியதாக இருப்பதால் காற்றையும் குறைவாகத் தடுக்கிறது. 1869இல் நீரில் இறங்கிய கட்டி சார்க் போன்ற விரைவுக் கப்பல்களின் நிலைக்கயிறுகள் கம்பியால் ஆனவை. 1942இல் பிலிப்பைன்ஸ் ஜப்பானின் கைக்குப் போய் மணிலா நார் வரத்து நின்றபோது நைலான் கயிறு முன்னுக்கு வந்தது. நைலான் நன்றாக நீளும், அதனால் நங்கூரத்துக்கும் கரையில் கட்டுவதற்கும் சிறந்தது, ஆஞ்சானுக்கு உதவாது. பாலியஸ்டர் அதைவிடக் குறைவாக நீளும்; இன்றைய பாரம்பரியக் கப்பல்களின் ஓடுகயிறுகள் பெரும்பாலும் ஹெம்ப் நிறத்தில் செய்த பாலியஸ்டர்தான். டைனீமா என்ற புதிய செயற்கை இழை எஃகுக்கு நிகராக இழுவை தாங்கும், தண்ணீரில் மிதக்கும். ஆனால் வழுக்குவதால் முடிச்சு நிற்காது, சூட்டில் சீக்கிரம் உருகும், நீண்ட நாள் சுமையில் மெதுவாக நீண்டுகொண்டே போகும். பொருள்கள் மாறினாலும் தேர்வு செய்யும் அளவுகோல் மாறவில்லை: இந்த இடத்தில் கயிறு நீளலாமா, கூடாதா?

உங்கள் வேலைக்கு வருவோம். நிலைக்கயிறுகளுக்குக் கறுப்பை வாங்காதீர்கள். சுத்தக் கறுப்பு சிறிய மாதிரியில் அட்டையில் கோடு போட்டதுபோலத் தெரியும். மிக அடர்ந்த பழுப்பு நல்லது. ஓடுகயிறுகளுக்கு வெளிர்பழுப்பு, வெள்ளை கலந்த மஞ்சள் வேண்டாம். டெட் ஐகளுக்கு நடுவே ஓடும் கயிறு தார் பூசியது, அதனால் அதுவும் அடர்பழுப்பே. எல்லா நூலையும் தேன்மெழுகில் இழுத்துப் பிசிறை அடக்குங்கள். ஒரு பக்க ஷ்ரௌட்களை முழுதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போகாதீர்கள், மரம் சாய்ந்துவிடும். ஜோடி ஜோடியாக இரு பக்கமும் சேர்ந்தே இறுக வேண்டும். படிக்கயிறுகளைக் கட்டும்போது ஷ்ரௌட்கள் உள்நோக்கி இழுபடாமல் இருக்க, பின்னால் கோடு போட்ட அட்டை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நிஜத்தில் 13 முதல் 15 அங்குல இடைவெளி, உங்கள் அளவில் ஐந்து மில்லிமீட்டர். முளைகளில் மாட்டும் சுருள்களைத் தனியே செய்து, நீர் கலந்த பசையில் நனைத்து, கீழ்நோக்கித் தொங்கும்படி அழுத்திக் காயவைத்து, கடைசியில் ஒட்டுங்கள். மெல்லிய நூல் தன் எடையால் தொங்காது. அதைத் தொங்கவைப்பது உங்கள் பொறுப்பு.